குளியலறைக்கு மர அலமாரி: உப்புக்காற்றில் நிற்குமா?

வண்ணை_வாசி (ஆகஸ்ட், ஞாயிறு காலை)

பழைய வண்ணாரப்பேட்டையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குளியலறை நான்கடிக்கு ஆறடி. ஒரு மூலையைத் தண்ணீர் டிரம் பிடித்துக்கொண்டது, இன்னொரு மூலையை வாளியும் முக்காலியும். ஷாம்பு, சீயக்காய் டப்பா, அத்தையின் பயத்தமாவு, மஞ்சள், துணி சோப்பு, என் சவரப் பொருட்கள் எல்லாம் ஜன்னல் விளிம்பில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவதுபோல நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் இரண்டு விழுகின்றன.

போன வருடம் கடையில் ஓர் அலமாரி வாங்கினேன். வெளியே பளபளப்பு, உள்ளே மரத்தூளை அழுத்திய பலகை. ஐந்தே மாதத்தில் அடிப்பகுதி தயிர்வடைபோல ஊறிப் பிளந்துவிட்டது. அடுத்து, உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தட்டு. அது வாரத்தில் இரண்டு நாள் நள்ளிரவில் கீழே விழுந்து வீட்டையே எழுப்பியது.

நானே மரத்தில் எளிமையாக ஒன்று செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். கைவாள், டிரில், உளி இருக்கின்றன. பள்ளியில் படித்தபோது ஒரு நாற்காலி செய்தேன், அது ஆடும். கடல் இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எந்த மரம்? எந்த உயரம்? பெயின்டா, எண்ணெயா? மூவாயிரம் ரூபாய்க்குள் முடியுமா? டைல்ஸில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார். அது தனிக் கதை.


மாதவரம்90

மரமே வேண்டாம். பி.வி.சி. போர்டு வாங்கி ஒட்டுங்கள். தண்ணீரில் ஊறாது, கரையான் தொடாது. எதற்கு இந்தத் தலைவலி?


பெரம்பூர்_பெரியவர்

தம்பி, பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்திலேயே ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் ரயில் பெட்டி கட்டுகிறது. ஓடிக் களைத்து வருகிற பெட்டிகளைப் பிரித்துச் சரிசெய்வது எங்கள் வேலை. பெட்டி உள்ளே வந்ததும் தரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்போம். இருக்கை வரிசைக்குக் கீழே கணீர் என்று கேட்கும். கழிவறையை நெருங்க நெருங்க ஓசை மங்கும். கடைசியில் ஓசையே இருக்காது, சுத்தியல் உள்ளே போகும். அந்த இடத்தில் தகடு துருப்பிடித்து அப்பளமாகியிருக்கும்.

ஒரே இரும்பு, ஒரே வயது. மழை பெட்டி முழுவதும்தான் பெய்கிறது. ஆனால் கூரையில் விழுந்த தண்ணீர் வழிந்து ஓடிவிடும். கழிவறைத் தரையின் ஓரத்தில் கசிகிற தண்ணீர் விரிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வர வழியில்லை. உங்கள் பழைய அலமாரிக்கும் இதேதான் நடந்தது. அதை நனைய வைத்ததைவிட, காய விடாமல் வைத்ததுதான் கெடுத்தது.

ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுகுப் பலகை வேண்டாம், கதவு வேண்டாம். தட்டுகளை முழுப் பலகையாக வைக்காமல் ரீப்பர்களாக, அதாவது ஒடுக்கமான மரப்பட்டைகளாக, இடைவெளி விட்டு அடியுங்கள். சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலமாவது தள்ளி நிற்கட்டும். தரையைத் தொடவே கூடாது. இவ்வளவு செய்தால் சுமாரான மரம்கூடப் பல ஆண்டு நிற்கும். இவற்றைச் செய்யாமல் தேக்கை வைத்தாலும் அழுகும், கொஞ்சம் மெதுவாக அழுகும், அவ்வளவுதான்.


சூளை_பலகை

சைடன்ஹாம்ஸ் சாலையில் ப்ளைவுட் கடையில் வேலை செய்கிறேன். ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், கடைக்காரன் சொல்வதால் நம்புவீர்களோ மாட்டீர்களோ.

வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் கொடுங்கள்" என்கிறார்கள். பலகையின் முத்திரையை யாரும் படிப்பதில்லை. எம்.ஆர். என்று இருந்தால் அது ஈரப்பதத்தைக் கொஞ்சம் தாங்கும் வகை. படுக்கையறைக்குச் சரி, குளியலறைக்கு ஆகாது. ஐ.எஸ். 710 என்று இருந்தால் அது மரைன் வகை. பீனால் பசையால் ஒட்டியது. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் பசை விடக் கூடாது என்பது அதற்கான சோதனை.

ஆனால் பசைதான் விடாது. மரம் தண்ணீரைக் குடிக்கும். அறுத்த ஓரங்களைப் பூசி மூடாவிட்டால் 710 வகையும் ஓரத்தில் கறுத்து உப்பும். பெரியவர் சொன்ன ரீப்பர் தட்டுக்கு ப்ளைவுட் வீண். இரண்டங்குலப் பட்டைகளாகக் கிழித்தால் ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு திறந்த ஓரம். எங்கள் கடையில் வாங்காதீர்கள். பழைய மரக்கடைக்குப் போங்கள்.


வியாசை_அக்கா

மாதவரம் தம்பிக்கு: எங்கள் வீட்டுக் குளியலறையில் பி.வி.சி. போர்டு அலமாரிதான் இருந்தது, தரையில் நிற்கிற வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நீங்கள் சொன்னதுபோல அது ஊறவில்லை. மிதந்தது. மிதந்து போய்க் கதவுக்குப் பின்னால் குறுக்காக மாட்டிக்கொண்டது. எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. இரண்டு நாள் கழிவறைக்குப் போக வழியில்லாமல் மேல்மாடி வீட்டுக்கு ஓடினோம். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது.

எதில் செய்தாலும் சுவரில் மாட்டுங்கள்.


மாதவரம்90

அக்கா, வெள்ளத்தை வைத்துப் பார்த்தால் கட்டிலைக்கூடச் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

சரி, மிதக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.


காசிமேட்டுப்_பேத்தி

என் தாத்தா மீன்பிடித் துறைமுகம் வருவதற்கு முன்பிருந்தே கரையில் மரப்படகு கட்டியவர். அதனால் "மரமும் தண்ணீரும் ஆகாது" என்று யார் சொன்னாலும் எனக்குச் சண்டைக்குப் போகத் தோன்றும். கட்டுமரம் மீன்பிடிக்கப் போகும்போது கடலில் ஊறும், மற்ற நேரம் மணலில் காயும். ஒவ்வொரு முறையும் கட்டைக் கட்டையாகப் பிரித்துக் காய வைப்பார்கள்.

படகில் முதலில் கெடுகிற இடம் ஆணி. சாதாரண இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்துவிடும். மரத்தில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி ஆகும். பிறகு அந்த இடம் பொடிப்பொடியாக உதிரும், ஆணி தன்னாலே கழன்று வரும். நல்ல பலகைக்கு மட்டமான ஆணி அடிப்பவனைத் தாத்தா கரையிலேயே திட்டுவார்; திட்டு இங்கே எழுதத் தகுந்ததல்ல.

உங்களுக்கு வேண்டியது துருப்பிடிக்காத எஃகுத் திருகு, 304 வகை. கடையில் காந்தம் வைத்துக் காட்டி "ஒட்டவில்லை பாருங்கள்" என்பார்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். விலை மலிந்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அதில் நிக்கல் குறைவு, இந்தக் கடற்காற்றில் பழுப்பு நிறம் கட்டும். காந்தம் பலமாக ஒட்டினால் வேண்டாம் என்று தள்ளலாம். ஒட்டாவிட்டால் பெட்டியின் மேல் 304 என்று இருக்கிறதா பாருங்கள். பித்தளைத் திருகும் நல்லதுதான், ஆனால் மென்மையானது. முதலில் இரும்புத் திருகை விட்டுத் துளையைப் பழக்கிவிட்டு, அதைக் கழற்றியபின் பித்தளையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் தலை முறியும்.

எண்ணெய் பற்றி: படகுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசுவார்கள், இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைப்பார்கள். அந்த முந்திரி எண்ணெயைக் குளியலறைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் போடும். ஈரத் துண்டைத் தொங்கவிடுகிற இடத்தில் அது எதற்கு? காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும், மெல்லியதாக மூன்று முறை. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக் கூடாது, அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய விட்டுப் பிறகு போடுங்கள்.


மணலி_லாரி

பணம் மிச்சம் பிடிக்க வழி சொல்கிறேன். துறைமுகத்தில் இறங்குகிற சரக்கோடு வருகிற மரப்பெட்டி, சரக்கை அடுக்குகிற மரத்தட்டு எல்லாம் எங்கள் பக்கம் குவிந்து கிடக்கும். பெரும்பாலும் பைன். விலை மிகவும் குறைவு. வாங்கும்போது கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள், அதற்குப் பக்கத்து எழுத்தைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் அரை மணி நேரம் இருந்திருக்க வேண்டும். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததும் வேண்டாம்.


பெரம்பூர்_பெரியவர்

மணலித் தம்பி சொல்வது சரியான தகவல். ஆனால் பைன் ஈரத்துக்கு நோஞ்சான். சமையலறைக்குச் செய்யலாம். பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் மெட்ராஸ் தளம் போட்ட வீடுகளை இடிக்கிறார்களே, அந்தக் கூரையில் கிடந்த பர்மா தேக்குக் கட்டைகள் பழைய மரக்கடைக்குத்தான் வரும். பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி முறுக்காது. அறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அறுப்பதற்கு முன் ஒவ்வோர் அங்குலமாகத் தடவி ஆணி இருக்கிறதா பாருங்கள். உள்ளே முறிந்த ஆணி இருந்து வாள் பல் போனால் கடைக்காரர் உங்களிடம்தான் கேட்பார்.


வண்ணை_வாசி (மூன்று நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. கணக்குப் போட்டேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

அகலம் 18 அங்குலம், உயரம் 30, ஆழம் ஆறரை. எல்லாம் இரண்டங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் உள்ள ரீப்பர். ஒரு தட்டுக்கு மூன்று பட்டை, இடையே கால் அங்குலம். மூன்று தட்டு. தட்டின் முன்னால் பொருள் விழாமல் ஒரு தடுப்புப் பட்டை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு கால், அவற்றை இணைக்க ஆறு குறுக்குக் கட்டை, பின்னால் மாட்டுவதற்கு இரண்டு பட்டை. கூட்டினால் சுமார் 34 அடி நீளம் வருகிறது. கன அடியில் 0.36. சேதாரம் சேர்த்தாலும் அரை கன அடி தாண்டாது. தேக்கு என்றதும் பயந்தேன், இவ்வளவுதானா?

உயரம்தான் சிக்கல். ஷவர் இல்லை, மொண்டு ஊற்றிக் குளிக்கிற வீடு. தண்ணீர் எங்கெல்லாம் தெறிக்கிறது என்று பார்க்கச் சுவரில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டுவிட்டுக் குளித்தேன். இடுப்புக்குக் கீழே கோடு ஒன்றும் மிச்சமில்லை. மேலே நன்றாக இருக்கிறது. ஆகவே நாலடிக்கு மேல் மாட்டலாம் என்று முடிவு செய்தேன். அத்தை கேட்டார், "அப்புறம் நான் எழுந்து எழுந்து உட்காரவா?" அவருக்கு முழங்கால் வலி, முக்காலியில் உட்கார்ந்துதான் குளிப்பார்.


வியாசை_அக்கா

இதைக் கேட்காமலேயே பாதிப் பேர் மாட்டிவிடுவார்கள். ஒரே அலமாரியில் எல்லோரையும் அடக்கப் பார்க்காதீர்கள். பெரியதை மேலே மாட்டுங்கள். அத்தைக்கு மட்டும் சோப்பு, பயத்தமாவு, சொம்பு வைக்கத் தனியாக ஒரு சின்னத் தட்டு கீழே. அது நனையத்தான் செய்யும், நனையட்டும். மூன்று பட்டைதானே, கெட்டால் மாற்றுங்கள்.

எங்கே அடிப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அவரை முக்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். முகத்தில் நுரை இருக்கும்போது கை தானாக எங்கே போகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள்.


வண்ணை_வாசி

செய்து பார்த்தேன். நான் நினைத்த இடத்துக்கு ஓர் அடி தள்ளி, இடப்பக்கம். அத்தை இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதே எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. சோற்றை வலக்கையால்தானே சாப்பிடுகிறார்.


சூளை_பலகை

துளை விஷயம் என்ன ஆயிற்று? வீட்டுக்காரம்மா சம்மதித்தாரா?


வண்ணை_வாசி

டைல்ஸின் நடுவில் போடாமல் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் போடுகிறேன், காலி செய்யும்போது வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறேன் என்றேன். யோசித்தார். மரம் என்னவென்று கேட்டார். பர்மா தேக்கு என்றதும் முகம் மாறியது. நான்கு துளைக்குச் சம்மதம், ஆனால் காலி செய்யும்போது அலமாரியைக் கழற்றக் கூடாது என்கிறார்.


மாதவரம்90

இதற்குத்தான் பி.வி.சி. போர்டு என்றேன்.


பெரம்பூர்_பெரியவர்

துளை போடுமுன் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். குழாய்த் திறப்புக்கும் ஹீட்டருக்கும் நேர் மேலே, நேர் கீழே டிரில் வைக்கக் கூடாது. சுவருக்குள் குழாய் பொதுவாக நேர்க்கோட்டில்தான் போகும். டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் மெதுவாகப் போங்கள். டைல்ஸ் தாண்டிச் செங்கல் வந்ததும் சுத்தியலைப் போடலாம். முனை வழுக்காமல் இருக்க ஒட்டுத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். துளைக்குள் திருகைப் பிடித்துக்கொள்ள எட்டு மில்லிமீட்டர் ரால் பிளக் போதும்.

இன்னொன்று. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பசை போட்டு ஒட்டுவதாக இருந்தால் ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள்.


வண்ணை_வாசி (அடுத்த ஞாயிறு)

முடித்துவிட்டேன். படம் போட முடியவில்லை, சொல்லிவிடுகிறேன்.

மரக்கடையில் கிடைத்தது ஏதோ ஒரு வீட்டின் கூரைக்கட்டை. வெளியே பார்த்தால் விறகு மாதிரி, கறுப்பாக, சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு. வாள் உள்ளே போனதும் ஒரு மணம் வந்தது, தோல் பையைத் திறந்ததுபோல. உள்ளே தேன் நிறம். ஆணி மூன்று எடுத்தேன். அறுப்புக் கூலியோடு மரத்துக்கு 1,450 ரூபாய். திருகு, உப்புத்தாள், எண்ணெய், ரால் பிளக் எல்லாம் சேர்த்து இன்னொரு 700.

இழைப்புளி பிடிக்கத் தெரியாததால் உப்புத்தாளோடு மல்லுக்கட்டினேன். 80, 120, கடைசியாக 220. ஓரங்களை நன்றாக மழுக்கினேன். அத்தையின் கை தேடிக்கொண்டு வரும் இடம் ஆயிற்றே. திருகுவதற்கு முன் ஒவ்வோர் இடத்திலும் சிறு துளை போட்டேன். ஒன்றில் மட்டும் சோம்பல்பட்டேன், அந்தப் பட்டை முனையில் நேராகப் பிளந்துவிட்டது.

இப்போது தவறைச் சொல்கிறேன். சட்டத்தைக் குளியலறைத் தரையில் வைத்தே பூட்டினேன், வெளியே இடமில்லை. மூலைமட்டம் வைத்தால் எல்லாம் சரி. சுவரில் மாட்டினால் ஒரு கால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தரை, தண்ணீர் வழிய வாட்டம் உள்ளது என்பதை மறந்துவிட்டேன். சட்டத்தின் ஒரு மூலை தொங்கலில் இருக்கும்போது திருகிவிட்டேன், அந்த முறுக்கு அப்படியே நின்றுவிட்டது. எல்லாத் திருகையும் தளர்த்தி, சாப்பாட்டு மேசையில் வைத்து மறுபடி முறுக்கினேன். அன்று இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு.


காசிமேட்டுப்_பேத்தி

கால்களின் வெட்டு முனைக்கு எண்ணெய் குடிக்கக் கொடுத்தீர்களா? மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான், பக்கவாட்டில் அவ்வளவு குடிக்காது. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி முனையை அதில் நிறுத்தி வையுங்கள். போதும் போதும் என்கிறவரை இழுக்கும்.


வண்ணை_வாசி

இல்லை, தூரிகையால் தொட்டுவிட்டதோடு சரி. இன்றிரவு கழற்றிச் செய்கிறேன்.


வண்ணை_வாசி (பொங்கல் முடிந்து)

யாராவது தேடி வந்தால் உதவும் என்று எழுதுகிறேன். மழைக்காலம் முழுவதும் தாண்டிவிட்டது. பெரிய அலமாரியில் குறையே இல்லை. கால் முனைகள் கெட்டியாக இருக்கின்றன. எண்ணெய் பூசிய மூன்றாம் வாரம் வரை குளியலறையில் ஒரு வாடை இருந்தது, பிறகு போய்விட்டது.

அத்தையின் தட்டில் மட்டும் ஒரு திருகைச் சுற்றிக் கறுப்பு வளையம், அதிலிருந்து கீழே மை வழிந்ததுபோல ஒரு கோடு. முதலில் பூஞ்சை என்று தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. எஃகுத் திருகு ஒன்று குறைந்ததால், பழைய அலமாரியில் இருந்து கழற்றி வைத்திருந்த ஒன்றைப் போட்டிருந்தேன். காந்தத்தை அருகில் கொண்டுபோனேன், டக்கென்று ஒட்டியது.


காசிமேட்டுப்_பேத்தி

தாத்தா இருந்திருந்தால் உங்களுக்கும் கிடைத்திருக்கும்.

கறுப்பு போக வேண்டுமானால் எலுமிச்சைச் சாற்றைத் தடவி ஒரு மணி நேரம் வைத்துக் கழுவுங்கள், வெளுக்கும். காய்ந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் எண்ணெய்.


வண்ணை_வாசி

திருகை மாற்றிவிட்டேன் அக்கா. எலுமிச்சம்பழம் எடுக்கப் போனால், "ஊறுகாய்க்கு வைத்திருக்கிறேன், பாதிதான் தருவேன்" என்கிறார் அத்தை. பாதியில் பாதிக் கறுப்பு போயிருக்கிறது.